ஹயாசேயை எழுப்புகிறவள்

கல்யாணமாகிப் போகிற பெண் அலமாரி கொண்டுபோவாள், பட்டுக் கிமோனோ கொண்டுபோவாள், கொஞ்சம் கெட்டிக்காரியாக இருந்தால் தையல் மெஷின் கொண்டுபோவாள். மசுயோ கம்ப்யூட்டர் கொண்டுபோனாள். அதுவும் என்ன கம்ப்யூட்டர்! அரிசி மூட்டைக் கனம், சலவை மெஷின் சத்தம், அதோடு தனியாக ஒருத்தர் தூக்கி வர வேண்டிய ஒரு குண்டுத் திரை. மகளை வழியனுப்ப ஃபுகுச்சியாமாவிலிருந்து வந்திருந்த அவள் அம்மா, அதை லாரியில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கட்டிக்கப் போறவன் பாத்தா ஓடியே போயிடுவான்டி!"

கட்டிக்கப் போறவன் ஓடவில்லை. கின்யா அப்போதே கியோத்தோவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான். லாரியில் ஏறி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்ன செய்யும்?" என்று கேட்டான்.

"தெரியாது" என்றாள் மசுயோ. "ஆனா நல்லா ஓடும்."

டாக்ஸிக்காரனுக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து, இந்த வீட்டுக்கு எனக்கு முன்னாடியே ஒரு மாப்பிள்ளை வந்து உக்காந்துட்டான் என்று சொல்லிக் காட்டாத விருந்தாளி பாக்கி இல்லை. முப்பது வருஷமாக ஒரே நகைச்சுவை. புருஷன்மார்களுக்கு அலுப்பே தட்டாது.

அந்த மெஷினுக்கு ஹயாசே என்று பெயர். கியோத்தோவின் தெற்குக் கோடியில், மூங்கில் தோப்பு முடிந்து தண்டவாளம் தொடங்குகிற இடத்தில் இருந்த தொழிற்சாலையில்தான் அதைச் செய்தார்கள். வீட்டுக்கு வாங்குகிற சாமான் இல்லை. பல்கலைக்கழகங்களும் டெலிபோன் ஆபீஸ்களும் வாங்குகிற உருப்படி. மசுயோ பத்தொன்பது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள், கடைசிப் பரிசோதனைப் பிரிவில்.

அங்கே சூட்டு அறை என்று ஒன்று இருந்தது. புது மெஷின்களை வரிசையாக அடுக்கி, அறையை அனலாக்கி, நிறுத்தாமல் ஓட விடுவார்கள். சாகிறது அங்கேயே சாகட்டும், தாங்குகிறது மட்டும் வெளியே போகட்டும் என்று ஏற்பாடு. பெண்கள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வரிசை வரிசையாகப் போவார்கள். ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று ஒரே ஒரு வரி தட்ட வேண்டும். மெஷின் ஒரு வரி பதில் சொல்லும். பதில் சரி என்றால் பச்சைச் சீட்டு ஒட்டிவிட்டு அடுத்ததுக்கு நகர வேண்டும். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

கோடையில் அந்த அறைக்குள் போக ஆள் கிடைக்காது. குளிர்காலம் வந்துவிட்டால் அடிதடி. வெளியே பனி கொட்டும், இவர்கள் உள்ளே உதடு சிவக்க நிற்பார்கள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாக்களைக் காலையிலேயே மெஷின்களின் தலைமேல் வரிசையாக வைத்துவிட்டால், சாப்பாட்டு மணி அடிக்கும்போது சோறு கதகதவென்று இருக்கும். மேற்பார்வையாளர் நகுரா பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். அவருடைய டப்பாவும் மூலையில் ஒரு மெஷின்மேல் இருக்கும், அதனால். எந்த ஊரிலாவது எந்தப் பேராசிரியராவது புத்தம் புது ஹயாசேயைப் பிரித்ததும் முள்ளங்கி ஊறுகாய் வாசம் வருகிறதே என்று மூக்கைச் சுளித்திருந்தால், அந்தப் பாவம் இவர்களைத்தான் சேரும்.

அந்தச் சத்தத்தை மசுயோவால் மறக்கவே முடியவில்லை. அத்தனை மின்விசிறிகளும் சேர்ந்து ஒரே சுருதியில் போகும். அதில் ஒன்று பிசகினால் வாசலில் இருந்தே தெரியும். இன்றைக்கும், இப்போது வேலை பார்க்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய பெரிய அண்டாக்கள் ஒன்றாகக் கொதி வருகிற நேரத்தில் அவள் கரண்டியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றுவிடுவாள். பக்கத்தில் இருப்பவர்கள், "மசுயோ சான் தூங்கிட்டாங்க" என்று சிரிப்பார்கள். தூக்கமாவது! அவள் சூட்டு அறையில் இருக்கிறாள், வயது இருபது, கழுத்தில் துண்டு, டப்பாவில் சோறு சுடுகிறது.

உலகம் சின்னக் கம்ப்யூட்டர்களுக்கு மாறிக்கொண்டதும் ஹயாசே பிரிவை மூடினார்கள். மிச்சமிருந்த மெஷின்களை வேலையாட்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். யாரும் எடுக்கவில்லை, எங்கே வைப்பது? மசுயோ ஒன்று எடுத்தாள். தன் கையால் இத்தனை காலம் வெளியே அனுப்பி வைத்த ஜீவன்கள் போன இடத்தில் என்னதான் செய்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவ்வளவுதான் காரணம்.

ஆசைப்பட்டதெல்லாம் சரி, கூட வந்த பழைய சிஸ்டத்தில் செய்ய ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியைத் தட்டுவாள், அது பதில் சொல்லும், அணைப்பாள். சில வருஷம் இப்படியே போயிற்று. அப்புறம் ஒரு நாள் பழைய புத்தகக் கடையில் ஒரு பத்திரிகையைப் புரட்டினாள். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி ஊருக்கே கொடுக்கலாம் என்று ஒரு திறந்த மூல சிஸ்டம் இருக்கிறதாம். நேற்றுச் செய்த கம்ப்யூட்டரிலும் ஓடுமாம், தாத்தா காலத்து டப்பாவிலும் ஓடுமாம், எதையும் குப்பை என்று சொல்ல மாட்டோம் என்று சபதம் எடுத்த மாதிரி ஒரு கூட்டம் உலகம் பூராவும் உட்கார்ந்து அதை எழுதுகிறதாம். ஓடுகிற மெஷின்களின் பட்டியல் கொடுத்திருந்தார்கள். ஹயாசேக்குப் பக்கத்தில், 'எழுதிக்கொண்டிருக்கிறோம். சொந்தமாக ஹயாசே வைத்திருப்பவர் யாராவது உண்டா?' என்று இருந்தது.

கேட்டிருந்தவர் தொகாரி. வடக்கே அக்கீத்தாவில் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை. மாணவனாக இருந்தபோது ஹயாசேயில் படித்தவர். அதன் பிறகு அதைத் தொட்டதே இல்லை. நினைவிலிருந்தும் பழைய கையேடுகளிலிருந்தும் கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுகிறார். எழுதியது ஓடுமா என்று பார்க்க அவரிடம் மெஷின் இல்லை. மசுயோவிடம் மெஷின் இருக்கிறது, எழுதத் தெரியாது. சரியான ஜோடி.

அவர் எழுதி அனுப்புவார், இவள் எழுப்பிப் பார்ப்பாள். முதல் தடவை எழவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. இவளுக்குத் தொழில்நுட்பமாகச் சொல்ல வராது. 'படியேறுகிற மாதிரி மூன்று சத்தம் வந்தது, அப்புறம் ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்' என்று எழுதுவாள். அக்கீத்தாவில் அந்த மனிதர் அதைப் படித்துவிட்டு, ஓகோ, டிஸ்க்கைத் தேடும் இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பார். இப்படி ஒரு குளிர்காலம் முழுக்க. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஹயாசே எழுந்தது. மசுயோ சமையலறைக்கும் அறைக்கும் ஓடி ஓடி, கின்யாவின் கையைப் பிடித்து இழுத்து, "எந்திரிச்சிடுச்சு! எந்திரிச்சிடுச்சு!" என்று கத்தினாள்.

"யாரு?" என்றான் கின்யா.

"இதுதான்!"

"நான்கூட எங்கப்பாவோன்னு பயந்துட்டேன்." அவர் செத்துப் பத்து வருஷம்.

இந்தக் கூட்டத்தாரிடம் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் எழும்போது தன்னைப் பற்றித் தானே வரிவரியாகச் சொல்லிக்கொள்ளும். நான் இன்ன மெஷின், இவ்வளவு நினைவகம், இன்ன டிஸ்க், இன்ன இன்ன கோளாறு என்று. அந்த வரிகளை அப்படியே எடுத்து எல்லாருக்கும் போகிற மெயிலில் போடுவார்கள். அதுதான் சாட்சி. வேறு அத்தாட்சி யாரும் கேட்பதில்லை, போட்டவர் சொன்னால் சொன்னதுதான். புது வெளியீடு வருகிற ஒவ்வொரு முறையும் மசுயோ ஹயாசேயை எழுப்பி அந்த வரிகளைப் போடுவாள். ஜெர்மனியிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் யார் யாரோ வாழ்த்துச் சொல்வார்கள். தொகாரி எப்போதும் முதல் ஆளாகப் பதில் போடுவார், டீ ஆறுவதற்குள்.

மெயிலில் பழக்கம் அந்த அளவு என்றால், நேரில் சந்திப்பது வருஷத்துக்கு ஒரு முறை. இலையுதிர் காலத்தில் கியோத்தோவில் திறந்த மூலக்காரர்களின் கண்காட்சி நடக்கும். அதில் ஒரு நீள மேஜை இவர்களுடையது. மற்ற மேஜைகளில் பளபளவென்று விளம்பரம் இருக்கும். இவர்கள் மேஜையில் மஞ்சள் பூத்த பழைய மெஷின்கள் உறுமிக்கொண்டிருக்கும், எல்லாவற்றிலும் இந்த வருஷத்து சிஸ்டம். நரை விழுந்த ஆட்கள் கடந்து போவார்கள், நிற்பார்கள், திரும்புவார்கள். "அடடா... இதுலதான் நான் முதல் வேலை செஞ்சேன்" என்பார்கள். விசைப்பலகையைத் தொட்டுக்கொள்ளட்டுமா என்று அனுமதி கேட்பார்கள். ஒருத்தர் ஹயாசேயில் தன் பெயரைத் தட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அது திரையில் ஊர்ந்து வருவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மசுயோ பார்த்திருக்கிறாள்.

அந்த மேஜைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு நாற்காலி. மற்றவர்கள் எல்லாம் நிரல் எழுதுகிற ஆண்கள். இவள் சோற்றுருண்டையும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுப்பாள், ஹயாசேயைப் பார்த்துக்கொள்வாள். தொகாரி அக்கீத்தாவிலிருந்து ரயில் மாறி மாறி வருவார், புகை போட்ட முள்ளங்கியோடு. இரண்டு பேரும் பேசுவது பெரும்பாலும் ஹயாசேயின் உடம்பு நலம் பற்றித்தான். அப்புறம் அவருடைய முழங்கால், இவளுடைய இடுப்பு, கின்யாவின் டாக்ஸியில் ஏறிய பயணிகளின் கதை. சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கும். வருஷம் முழுக்கச் சமையலறையில் அண்டாவைக் கிளறுகிறவளுக்கு அந்த இரண்டு நாள்தான் திருவிழா.

போன வருஷம் புது வெளியீட்டைக் கவனிக்கிற எஸாகி ஓர் அறிவிப்புப் போட்டார். உண்மையான இரும்பில், அதாவது நிஜ மெஷினிலேயே, யாரும் எழுப்பிப் பார்க்காத மெஷின்களை இந்த வெளியீட்டோடு பட்டியலிலிருந்து எடுத்துவிடப் போகிறோம், சுமக்க ஆள் போதவில்லை, மன்னியுங்கள். நியாயம்தான். மசுயோ அதைப் படித்துவிட்டு, நம் ஹயாசேக்கு என்ன குறை என்று நிம்மதியாக இருந்தாள்.

அதே வாரம் சனிக்கிழமை மத்தியானம் கின்யா வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினான். "என்னம்மா, அயிலை பொரிக்கிறியா? எனக்கு ரெண்டு."

"நான் ஒண்ணும் பொரிக்கலையே."

வாசம் அறைக்குள்ளிருந்து வந்தது. மசுயோவின் முகம் வெளுத்துப் போயிற்று. பழைய மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த மீன் வாசம் என்னவென்று தெரியும். உள்ளே கன்டென்சர் கசிந்துவிட்டது. அதன் சாறு அரித்த இடத்தில் புல் முளைக்காது. மூடியைக் கழற்றிப் பார்த்தாள். போர்டில் பாதி பச்சையாகப் பொரிந்து கிடந்தது, மெல்லிய செப்புக் கோடுகளெல்லாம் தின்னப்பட்டிருந்தன. தெராமச்சி கடைத்தெருவில் பழுதுபார்க்கிறவரிடம் கின்யாவே டாக்ஸியில் கொண்டுபோனான். அவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார், விளக்கை அணைத்தார், இரண்டு கையாலும் போர்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மசுயோ சமைக்கவில்லை. கின்யா கடையிலிருந்து நூடுல்ஸ் வாங்கி வந்து வைத்தான். "போனா போகுது விடு. நல்லா வாழ்ந்த மனுஷன். கல்யாணச் சாவு."

"உங்களுக்குப் புரியாது" என்றாள். "அங்க எல்லாரும் எழுதறவங்க. நான் என்ன? ஹயாசே வச்சிருக்கவ. ஹயாசே இல்லேன்னா நான் யாரு? சோறு கிளறுறவ அந்த மேஜைல உக்காந்து என்ன பண்ணப் போறேன்? தொகாரி சான் எனக்கு எதுக்கு மெயில் போடணும்?"

கின்யா நூடுல்ஸை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவ்வளவு வருஷத்தில் அவள் அழுது அவன் பார்த்தது குறைவு. அதனால்தான் அந்த யோசனையைச் சொன்னான் என்று நினைக்கிறேன், கெட்ட எண்ணத்தில் இல்லை. "உன் லேப்டாப்புல ஒரு பொய் ஹயாசே இருக்குன்னு சொன்னியே, அதை எழுப்பி அனுப்பிடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

இருந்தது. ஹயாசே மாதிரியே நடிக்கிற ஒரு நிரல். அவசரத்துக்குச் சோதித்துப் பார்க்கத் தொகாரியே எழுதிக் கொடுத்தது. அதில் புது சிஸ்டத்தைப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடும். ஆனால் அது இரும்பு இல்லை, சாட்சிக்கு ஆகாது. கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விதி.

மசுயோ இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் லேப்டாப்பைத் திறந்தாள். பொய் ஹயாசே எழுந்தது, தன்னைப் பற்றி வரிவரியாகச் சொன்னது. வேகம் எக்கச்சக்கமாகக் காட்டியது. அதைக் குறைத்து மாற்றினாள். நினைவகத்தை மாற்றினாள். டிஸ்க்கின் பெயரை மாற்றினாள். பரிசோதனைப் பிரிவில் இருந்தவள் அல்லவா, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தாள். அனுப்பினாள். அனுப்பியதும் குளிக்கப் போனாள், வெகு நேரம் வெந்நீர்த் தொட்டியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வாழ்த்துகள் வந்தன. ஜெர்மனி, பிரேசில், நகோயா. யமாகுச்சிக்காரர் ஒருத்தர் எழுதியிருந்தார்: 'அட, கடைசியில் கடிகார பேட்டரியை மாற்றிவிட்டீர்களா? வாழ்த்துகள்!'

மசுயோவுக்கு முதுகெல்லாம் சில்லென்று ஆயிற்று. ஹயாசேயின் கடிகார பேட்டரி செத்து எத்தனையோ காலம். ஒவ்வொரு முறை எழும்போதும் அது, கடிகாரம் சொல்வதை நம்ப முடியவில்லை, தேதியைச் சரிபார்க்கவும் என்று ஒரு புகார் வைக்கும். நம் கிழவனுக்கு வயசு மறந்துபோச்சு என்று மெயிலில் எல்லாரும் கேலி செய்வார்கள். பார்த்துப் பார்த்துப் பழகி, சுவரில் இருக்கிற கறை மாதிரி, அந்த வரி அவள் கண்ணில் படுவதையே விட்டுவிட்டது. மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றினாள். இருக்க வேண்டியது இல்லாமல் போனதைப் பார்க்கவில்லை. பொய்யான மெஷினுக்குக் கடிகாரம் சரியாக ஓடும், அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

தொகாரியிடமிருந்து பதிலே இல்லை. அன்று இல்லை, மறுநாள் இல்லை, கண்காட்சி வரைக்கும் இல்லை. டீ ஆறுவதற்குள் எழுதுகிற மனிதர்.

கண்காட்சி நாள் காலையில் கின்யா செத்த ஹயாசேயை டாக்ஸி டிக்கியில் ஏற்றினான். எதற்கு ஏற்றுகிறோம் என்று இருவருக்குமே தெரியவில்லை. மேஜையில் வைத்துவிட்டு, வருகிற வழியில் குலுங்கிக் கெட்டுவிட்டது என்று சொல்லலாம் என்பது கின்யாவின் திட்டம். வண்டியில் மசுயோ பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சோற்றுருண்டை மூட்டை.

மண்டபத்தின் பின்வாசலில் தொகாரி நின்றுகொண்டிருந்தார். எல்லா வருஷமும் மெஷினைத் தூக்க அவர்தான் வருவார். குனிந்து வணக்கம் சொன்னார், இவர்களும் சொன்னார்கள். கின்யா டிக்கியைத் திறந்தான். மூன்று பேரும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மீன் வாசம் வருது" என்றார் தொகாரி.

"மத்தியானச் சாப்பாடு" என்றான் கின்யா உடனே. "அயிலை. ரொம்ப நல்ல அயிலை."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மசுயோ. அப்புறம் தொகாரியின் முகத்தைப் பார்க்காமல் டிக்கியைப் பார்த்தே சொன்னாள். "செத்துப்போச்சு தொகாரி சான். நான் அனுப்பினது பொய். உங்க பொய் மெஷின்ல எழுப்பி, வரியெல்லாம் மாத்தி அனுப்பினேன். மன்னிச்சிடுங்க. மன்னிப்புக் கேக்கற அளவுக்குக்கூட எனக்குத் தகுதி இல்ல." இடுப்பு வலியை மறந்து ஆழக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"தெரியும்" என்றார் தொகாரி. "அன்னிக்கே தெரியும். அந்தக் கடிகார வரி இல்ல. பாத்ததும், ஐயோ, போயிடுச்சேன்னு ஆயிடுச்சு."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல? என்னைத் திட்டியிருக்கலாமே?"

தொகாரி டிக்கி மூடியைத் தடவிக்கொடுத்தார். அவர் இயல்பாகவே மெதுவாகப் பேசுகிறவர். வடக்கத்தி ஆட்கள் அப்படித்தான். "கேட்டா நீங்க உண்மையைச் சொல்லிடுவீங்க" என்றார். "சொன்னா ஹயாசேயைப் பட்டியல்லேந்து எடுக்கணும். எடுத்துட்டா நான் என்னன்னு சொல்லிட்டு இங்க வர்றது? எனக்கு அங்க யார் இருக்கா மசுயோ சான்? பெண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. காலைல குடிநீர் மீட்டர், சாயந்திரம் ஹயாசே. உங்களை நல்லவங்கன்னு காப்பாத்தறதுக்காக நான் வாயை மூடல. எனக்காகத்தான் மூடினேன். நானும் உங்களோட கூட்டுக் களவாணிதான்."

மசுயோ நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய காது சிவந்திருந்தது.

"அடப்பாவிகளா" என்றான் கின்யா. "ரெண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கமா தூக்கிட்டு நின்னீங்களா? என்னைக் கேட்டிருந்தா நான் ரெண்டு பேரையும் டாக்ஸில வச்சு ஊர் சுத்திக் காட்டியிருப்பேனே!"

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் மசுயோ சிரித்தாள், சிரிப்பு அழுகையாகப் போயிற்று, தொகாரி கைக்குட்டையைத் தேடித் தேடிக் கடைசியில் கழுத்துத் துண்டையே கொடுத்தார்.

எஸாகியிடம் இரண்டு பேரும் சேர்ந்தேதான் போய்ச் சொன்னார்கள். மேஜையில் மெஷின்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் கேபிளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். யமாகுச்சிக்காரர், பேட்டரி மாற்றியதற்கு வாழ்த்துச் சொன்னவர், வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கேட்டு முடித்ததும் எஸாகி, "வருத்தமா இருக்கு" என்றார். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார், முகத்தில் தெரிந்தது. "ஆனா எடுத்துடணும். வெளியீடு வர்ற வாரம்."

"இன்னிக்கே எடுத்துடறோம்" என்றாள் மசுயோ.

தொகாரி மேஜையின் ஓரத்தில், ஹயாசே நிற்கிற வழக்கமான இடத்தில், தன் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். அவர் எழுதியதெல்லாம் வரிவரியாக வந்தது. எவ்வளவு! ஹயாசேயின் திரைக்கு, டிஸ்க்குக்கு, விசைப்பலகைக்கு, அந்த மூன்று படிச் சத்தத்துக்கு. இவள் எழுப்பிக்கொண்டிருந்தது இத்தனையையுமா என்று மசுயோ மலைத்துப்போனாள். மற்ற மெஷின்கள் கெடாமல், ஹயாசேக்கு மட்டும் உரியதை அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தார். சோற்றுருண்டை நேரம் தாண்டியும் இருவரும் எழுந்திருக்கவில்லை. குறித்து முடித்ததும் அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க அழிங்க. உங்க பேர்ல போகட்டும்."

அந்த சிஸ்டத்தில் யார் எதை மாற்றினாலும் மாற்றியவரின் பெயர் கூடவே நிற்கும், காலத்துக்கும். எழுதுகிற எல்லாருக்கும் அப்படி நூற்றுக்கணக்கில் பெயர் நிற்கிறது. மசுயோவுக்கு ஒன்றுகூட இல்லை. அவள் எழுப்பத்தான் செய்தாள்; எழுப்புகிறதற்குப் பெயர் நிற்பதில்லை.

"எனக்கு எழுத வராதே."

"எழுத வேணாம். காரணம் ஒரு வரி போடுங்க, போதும்."

அவள் வெகு நேரம் யோசித்தாள். பிறகு இரண்டு விரலால் தட்டினாள். 'ஹயாசே மெஷினை நீக்குகிறேன். என்னிடம் இருந்த ஒன்றும் பழுதாகிவிட்டது. இவ்வளவு காலம் எழுதியவருக்கு நன்றி.' கீழே தன் முழுப் பெயர். விசையை அழுத்தினாள். பட்டியலில் ஒரு பெயர் குறைந்தது. அவளுடைய பெயர் முதல்முறையாக உள்ளே போயிற்று, கடைசிமுறையாகவும்.

அவள் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. துக்கம்தான், வேறு என்ன சொல்வது? எஸாகி திரையைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு நகர்ந்துபோனார். தொகாரி லேப்டாப்பை மூடினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"அடுத்த வருஷம் எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல" என்றார்.

"எனக்கும்தான்" என்றாள் மசுயோ. சோற்றுருண்டை மூட்டையைப் பிரித்து, பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "அடுத்த வருஷம் எந்த ரயில்ல வர்றீங்க? எங்க வீட்டுக்காரர் வந்து ஸ்டேஷன்ல நிப்பாரு."